வகுப்பறையின் மொழியும் நகரத்தின் மொழியும்

ஜெர்மனிக்கு முதுகலை பயிலச் செல்லும் இந்திய மாணவர் பலர், 'படிப்பு ஆங்கிலத்தில்தானே' என்ற துணிவுடன் விமானம் ஏறுகின்றனர். வகுப்பறையளவில் அத்துணிவு நியாயமானதே. ஆனால், பெர்லின் நகரம் வகுப்பறையன்று.

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தமும் அலுவலகக் கடிதங்களும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே அமைகின்றன. வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கிவைத்து விசா பெற்ற மாணவர், ஒரு கடிதத்தின் பொருளறியப் பக்கத்து அறையை நாடுகிறார். கைப்பேசிச் செயலி கடிதத்தை மொழிபெயர்க்கலாம்; விடுதிச் சமையலறையின் பேச்சில் அவருக்கு இடம்பெற்றுத் தராது.

இதனை மாணவரின் சோம்பல் என்று ஒதுக்குவது பொருந்தாது. ஆங்கிலவழிப் படிப்புகள் பல, ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றை மட்டுமே கேட்கின்றன. கேட்கப்படாத மொழியை எவர் முன்கூட்டிக் கற்பர்?

கற்கத் தொடங்கினால் தாய்மொழியும் துணைநிற்கும். ஜெர்மனில் 'டூ', 'ஸீ' என இருவகை முன்னிலைச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் இன்று 'யூ' ஒன்றே. 'நீ', 'நீங்கள்' என்று பேசி வளர்ந்தவருக்கு அவ்வேறுபாடு புதிதன்று. யாரிடம் எதனைச் சொல்வது என்பதை மட்டும் அங்குக் கற்றால் போதும்.

ஆகவே, மாணவரை அயல்நாட்டுக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதும் நம் பல்கலைக்கழகங்கள், புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே அந்நாட்டு மொழியைக் கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்தோடு வழிகாட்டியின் கடமை முடிந்துவிடுவதில்லை.