பயிற்சியாளரும் பணம் கொடுப்போரும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஓபர்ன் பல்கலைக்கழகம், 2025 நவம்பர் 2 ஆம் திகதி தனது புட்போல் பயிற்சியாளர் ஹியூ பிரீஸைப் பதவி நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை ஏறத்தாழ 15.8 மில்லியன் டொலர். அவருக்கு முன்னிருந்த பிரையன் ஹார்சின் 2022 இல் நீக்கப்பட்டபோது சுமார் 15.5 மில்லியன். அவருக்கும் முன்னிருந்த கஸ் மால்சான் 2020 டிசெம்பரில் அனுப்பப்பட்டபோது 21 மில்லியனுக்கும் மேல். ஆக, ஐந்து ஆண்டுகளுக்குள், மூன்று மனிதர்களை வேலைக்கு வராதிருக்கச் சொல்வதற்கு ஓர் அரச பல்கலைக்கழகம் 50 மில்லியன் டொலருக்கும் அதிகமாகக் கொடுக்க உடன்பட்டிருக்கிறது.

இந்த இடத்துக்குத்தான் இப்போது அலெக்ஸ் கோலெஷ் என்ற புதியவர் வந்திருக்கிறார்.

இங்கு புட்போல் என்பது நாம் உதைபந்தாட்டம் என்று சொல்வதன்று. றக்பிக்கு நெருங்கிய உறவான அமெரிக்க ஆட்டம். அலபாமா மாநிலத்தில் தொழில்முறைப் பெருங்கழகம் எதுவும் இல்லை. ஆகவே, அந்த வெறி முழுவதும் இரண்டு பல்கலைக்கழகங்களின் மீது இறங்குகிறது: ஒன்று ஓபர்ன், மற்றையது அலபாமா. ஓபர்ன் மைதானத்தின் இருக்கைகள் 88,043. 2020 குடிசன மதிப்பீட்டின்படி அந்நகரின் மக்கள் தொகையோ சுமார் 76,000. ஊரைவிட ஊர் மைதானம் பெரிது!

ஆட்டத்தைப் பற்றியல்ல, ஆட்டத்தைச் சுற்றி நிற்பவர்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அவர்களுக்கு ‘பூஸ்டர்’ என்று பெயர். கல்லூரி மதிலுக்கும் மண்டபத்துக்கும் நிதி சேர்க்கும் பழைய மாணவர்களைப் போன்றவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. வங்கி, காணி, கட்டுமானம் என்று பெரும் பொருள் ஈட்டியவர்கள், நன்கொடை தருபவர்கள், அவர்களுட் சிலர் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் சபையிலும் அமர்ந்திருப்பவர்கள். பயிற்சியாளரை நியமிக்கும் அதிகாரம் ஏட்டளவில் விளையாட்டுத்துறைப் பணிப்பாளருக்கும் பல்கலைக்கழகத் தலைவருக்கும் உரியது. ஏட்டுக்கு வெளியே நடப்பது வேறு.

2003 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். அப்போது பயிற்சியாளராக இருந்தவர் டொமி டியூபர்வில். அலபாமாவுடனான பெரும் போட்டிக்கு, அதாவது ‘அயன் போல்’ ஆட்டத்துக்கு, இரண்டு நாட்களே இருந்தன. பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் வோக்கரும் விளையாட்டுத்துறைப் பணிப்பாளரும் அறங்காவலர் இருவரும் தனியார் விமானமொன்றில் ஏறி, லூயிவில் அணியின் பயிற்சியாளர் பொபி பெட்ரீனோவை இரகசியமாகச் சந்தித்தார்கள். டியூபர்வில்லின் நாற்காலியை அவருக்குக் கொடுப்பதற்காக. டியூபர்வில் அந்த ஆட்டத்தை 28க்கு 23 என்று வென்றார். சில நாட்களில் இரகசியம் அம்பலமாகியது. 2004 ஜனவரியில் பதவியை இழந்தவர் பல்கலைக்கழகத் தலைவர். அடுத்த பருவத்தில் டியூபர்வில்லின் அணி 13 ஆட்டங்களில் 13 ஐயும் வென்றது.

இது வேடிக்கைக் கதையாகவே பலராலும் சொல்லப்படுகிறது. இதன் மறுபக்கம் வேடிக்கையானதன்று. அதே 2003 டிசெம்பரில், தென்மாநிலங்களின் பல்கலைக்கழகங்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் அமைப்பு, அறங்காவலர்களின் அளவுமீறிய தலையீடு பற்றிய முறைப்பாடுகளை ஆராய்ந்து, ஓபர்னை ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. அந்தச் சான்று பறிபோனால் மாணவருக்கு மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. பந்தைத் தொட்டுக்கூடப் பாராத வேளாண்மை மாணவனும் பொறியியல் மாணவியும் தங்கள் பட்டத்தின் மதிப்பையிட்டு அஞ்ச வேண்டியதாயிற்று. “எங்கள் பணம், எங்கள் விருப்பம், வரிப்பணம் அல்லவே” என்று வாதிடுவோர் இதற்குப் பதில் சொல்வதில்லை.

கொடையாளரின் கணிப்பு எப்போதும் தவறு, பணிப்பாளரின் கணிப்பு எப்போதும் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. 2008 இல் ஜீன் சிசிக் நியமிக்கப்பட்டபோது, முந்திய இடத்தில் 5 வெற்றி, 19 தோல்வி என்ற கணக்குடன் வந்தவரை ஏன் எடுத்தீர்கள் என்று விமான நிலையத்திலேயே பணிப்பாளரைப் பார்த்துக் கூச்சலிட்டனர். அந்தச் சிசிக்தான் 2010 பருவத்தின் தேசிய சம்பியன் பட்டத்தை வென்று தந்தவர். இரண்டே ஆண்டுகளில், 3 வெற்றி, 9 தோல்வி என்றானதும் அவரும் துரத்தப்பட்டார். இந்த ஆட்டத்தில் முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை. அறிந்ததாகப் பேசுபவர்களுக்குத்தான் குறைவில்லை.

ஹார்சினின் கதை இன்னும் கசப்பானது. ஐடஹோவிலிருந்து வந்த வெளியூரார். முதற் பருவத்தின் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றார். வீரர்களும் உதவிப் பயிற்சியாளர்களும் பலர் விலகினர். சிலர் அவர் தங்களை மதிக்கவில்லை என்று பகிரங்கமாகவே கூறினர். வேறு சிலர் அவர் பக்கம் நின்றனர். 2022 பெப்ரவரியில் பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. அதனிடையே அவருடைய தனிப்பட்ட வாழ்க்கை குறித்து இணையத்தில் பரவிய வதந்திகள் அருவருப்பானவை. முடிவில் அவர் பதவியில் தொடர்வார் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் நீக்கினார்கள்.

அந்நாட்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது, “அவருக்கு எங்கள் கலாசாரம் புரியவில்லை” என்பது. ஓபர்னில் தங்களைக் குடும்பம் என்றே அழைத்துக்கொள்வார்கள். குடும்பம் என்று சொல்லப்படும் இடத்தில் வெளியிலிருந்து வந்தவன் கேள்வி கேட்க முடியாது. எழுத்தில் இல்லாத விதிகளை அவன் தானாகவே அறிந்திருக்க வேண்டும். வீரர்களை மனிதராக நடத்துவது கலாசாரமென்றால் அதை எந்தப் பயிற்சியாளரிடமும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால், பணம் கொடுத்தவரின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வதும் அதே சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. பெயர் குறிப்பிட விரும்பாத ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ பேசத் தொடங்கியதும் யாருடைய கை ஓங்குகிறது என்பதை அறிய, செய்தி ஆசிரியர் மேசையில் சில ஆண்டுகள் இருந்தவர்களுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

பயிற்சியாளருக்காக நான் இரங்கவில்லை. தோற்றாலும் கோடீஸ்வரராகவே போவார். டியூபர்வில் 2021 இல் செனட் சபைக்கே போனார். ஆனால், ஒரு பயிற்சியாளரின் வாக்கை நம்பிப் பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த பையனுக்கு அவ்வாறான காப்புறுதி இல்லை. 2021 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முன்பு இரகசியமாகக் கைமாறியது இப்போது வெளிச்சத்துக்கு வந்திருப்பது நல்லதே. அதே வெளிச்சம் கொடுப்பவர் மீதும் விழ வேண்டும் என்பதே என் வாதம். ஒருவரை நீக்க எவர் பணம் தந்தார், எவர் அழுத்தம் கொடுத்தார் என்பது அறங்காவலர் சபையின் கூட்டக் குறிப்பில் பெயருடன் பதியப்படட்டும். இருபது மில்லியனுக்குக் கையொப்பமிடத் துணிந்தவருக்குத் தன் பெயரைச் சொல்வதில் என்ன கூச்சம்?

கோலெஷ் மொஸ்கோவில் பிறந்து, சிறுவயதில் நியூயோர்க்கின் புரூக்ளினுக்கு வந்தவர். முந்திய பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தை வென்றிருந்த தெற்குப் புளோரிடா அணியைப் பொறுப்பேற்று, மூன்று பருவங்களில் 23 வெற்றிகளுக்கு இட்டுச் சென்றவர். ஓபர்னுக்கு ஹார்சினைப் போலவே வெளியாள். முதற் பருவத்திலேயே அவருக்கு வாய்த்திருப்பது 2026 இன் அயன் போல். அது நடப்பது டஸ்கலூசாவில், அலபாமாவின் மைதானத்தில். ஓபர்ன் அங்கு கடைசியாக வென்றது 2010 இல்.