கணக்குத் தெரிந்தவர் கடவுளை நம்பலாகாதா?

கணக்கில் கெட்டிக்காரரான ஒருவர் கோவிலுக்கோ சர்ச்சுக்கோ போனால் எங்கள் சங்கரன்கோவிலில் ஒரு கேள்வி வந்து விழும்: "இவ்வளவு படிச்சிட்டு இதையுமா நம்புற?" கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கணிதம் பயின்ற மூளையில் கடவுளுக்கு இடமில்லை, இருந்தால் அது வளர்ப்பின் மிச்சம் என்ற நினைப்பு தமிழ்நாட்டில் அவ்வளவு ஊறிக் கிடக்கிறது. அந்த நினைப்பு தவறு. சிந்திக்கிற ஒரு மனிதரின் வாயை அவர் பேசும் முன்பே அடைப்பதால் அநியாயமும்கூட.

சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்த ஃபாதர் சார்லஸ் ரசீனை எடுத்துக்கொள்வோம். 1897இல் பிரான்சில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. பாரிசில் எலி கார்த்தான் என்னும் பெரும் கணித அறிஞரிடம் பயின்று 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். 1937இல் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்தார். 1939இல் லயோலாவுக்குப் போனார். நம் கல்லூரிகள் அப்போது பழைய ஆங்கிலேயப் பாடத்திட்டத்தையே ஓதிக்கொண்டிருந்தன. பிரான்சிலோ ஒரு தலைமுறை கணிதத்தையே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புதுக் கணிதத்தை மாணவர்கள் கையில் கொடுத்து, ஆராய்ச்சிக்குப் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னவர் ரசீன். சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன், சி. பி. ராமானுஜம் எல்லாரும் லயோலாவில் படித்தவர்கள். 1965இல் வெளிவந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்று இயற்பியல்வரை பயன்படுகிறது. அந்தக் கணிதத்தைக் கற்க மாணவர்கள் மதம் மாற வேண்டியிருக்கவில்லை. கற்பிக்க ரசீன் துறவறத்தைத் துறக்க வேண்டியிருக்கவில்லை.

"அவர் பாதிரியார், நம்பிக்கையைத் தனியே வைத்துக்கொண்டார், மேடையேறி வாதாடவில்லையே" என்பார்கள். வாதாடியவர்களும் உண்டு. கணித மேதை ஆய்லர் 1747இல் மதத்தை மறுத்த சுதந்திரச் சிந்தனையாளர்களுக்குப் பதிலாக ஒரு நூலே எழுதினார். நம் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியர் ஜான் லெனாக்ஸ் 2007இல் நாத்திகரான ரிச்சர்ட் டாக்கின்ஸோடு பொது மேடையில் நேருக்கு நேர் விவாதித்தார்.

ஆய்லரைப் பற்றி உலவும் கதை ஒன்று எனக்குக் கோபத்தைத் தருகிறது. ரஷ்ய அரசவையில் பிரெஞ்சு நாத்திகச் சிந்தனையாளர் திதரோவின் முன் ஏதோ ஒரு சமன்பாட்டைச் சொல்லி, "ஆகவே கடவுள் இருக்கிறார்" என்றாராம்; கணக்குத் தெரியாத திதரோ விழித்தாராம். திதரோ கணிதக் கட்டுரைகள் எழுதியவர். வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை. ஆனாலும் இரு தரப்புமே இதை விரும்பிச் சொல்கின்றன. பக்தர்களுக்கு வெற்றிக் கதை, மற்றவர்களுக்குக் கேலிக் கதை. கணிதத்தால் கடவுளை நிரூபிக்க முடியும் என்று காட்டவும், நம்பும் கணித அறிஞர் ஏமாற்றுகிறார் என்று காட்டவும் ஒரே பொய் உதவுகிறது!

கணிதம் செய்வது என்ன? சில அடிப்படைகளை ஏற்றுக்கொண்டால் அவற்றிலிருந்து என்னென்ன தவறாமல் வந்தாக வேண்டும் என்று காட்டுவது. உலகம் ஏன் இருக்கிறது என்ற கேள்வி அந்த வேலைக்குள் வருவதே இல்லை. நாமகிரித் தாயாரை வணங்கிய ராமானுஜனும் கடவுளை ஏற்காத ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் சேர்ந்து 1918இல் எண் பிரிவினைகள் பற்றிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதில் எந்த வரி பக்தனுடையது, எந்த வரி நாத்திகனுடையது என்று யாராவது பிரித்துக் காட்டட்டும்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு எங்கள் கோவிலில் ஆடிச்சுற்று சுற்றும் பெண்களைப் பாருங்கள். நூற்றியொரு சுற்று நேர்ந்துகொண்டவர் ஒன்றுகூடக் குறையவிடாமல் விரல்விட்டு எண்ணுவார். நடுவே யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டு எண்ணிக்கையிலேயே இருப்பார். அவருடைய எண்ணிக்கையைப் பக்தி குலைப்பதில்லை.

பகுத்தறிவு இயக்கம் சாதியையும் மூடப்பழக்கத்தையும் நோக்கி எழுப்பிய கேள்விகள் நம் மண்ணுக்குத் தேவைப்பட்டவை, இன்னும் தேவைப்படுபவை. அந்த மரபின் பெயரால் ஒருவருடைய காரணங்களைக் கேட்காமலே ஒதுக்குவதைத்தான் எதிர்க்கிறேன். லெனாக்ஸ் தம் பேராசிரியர் பட்டத்தைக் காட்டி நம்பச் சொல்லவில்லை. உலகம் கணித விதிகளுக்கு அடங்கியிருப்பது அதன் பின்னால் ஓர் அறிவு இருப்பதைக் காட்டுகிறது என்கிறார். இயேசுவின் உயிர்த்தெழுதல் வரலாற்றில் நடந்தது என்கிறார். முதலாவதைத் தத்துவத்தால் மறுக்கலாம். இரண்டாவதற்கு எழுதியவர் யார், எப்போது எழுதினார், கண்டவர்கள் யார் என்று சாட்சியங்களைத் துருவிக் கேட்கலாம். கேட்டு முடித்தபின் அவரை நிராகரிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.