மச்சில் ஒரு குடித்தனம்

எங்கள் வீட்டு மச்சில் ஒரு குடித்தனம் இருக்கிறது. அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வேலைக்குக் கிளம்பினால் விடிவதற்குள் திரும்பிவிடும். நிரந்தர நைட் ஷிப்ட்!

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிகிற தெருவில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஒரு நாள் நடு ராத்திரி தலைக்கு மேல் ‘தடதட’. “ஏங்க, திருடன்!” என்றாள் என் மனைவி. ஒரு கையில் டார்ச், மறு கையில் துடைப்பம் என்று சகல ஆயுதங்களுடன் கொல்லைக்குப் போனேன். சப்போட்டா மரத்தில் இரண்டு கண்கள் பளிச். கறுத்த மூஞ்சி, அதில் வெள்ளைத் திட்டு, முதுகில் கோடு, உடம்பு நீளத்துக்கு வால். மரநாய்!

பேர்தான் நாய். உறவுமுறை பூனைப் பக்கம். புனுகுப் பூனைக்குப் பங்காளி. அமெரிக்காவில் இதே உத்தியோகத்தை ரக்கூன் என்ற பிராணி பார்க்கிறது. அதற்கும் முகமூடி போட்ட மூஞ்சி, ராத்திரி சஞ்சாரம், பரணில் பிரசவம். அது குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். நம்மாள் பழப்பிரியர். சப்போட்டா, கொய்யா, மாம்பழம் எல்லாம் கனிந்ததாகப் பார்த்துத்தான் தொடுவார். பனைமரத்துக் கலயத்தில் வாய் வைப்பதால் இங்கிலீஷ்காரர்கள் ‘டாடி கேட்’ என்றார்கள். டாடி என்றால் அப்பா இல்லை, கள்! தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. இவர் பாடு திண்டாட்டம்தான்.

தின்றதற்கு ரசீதும் உண்டு. மதில்மேல் முழுசு முழுசாகக் கொட்டைகள். விழுகிற இடத்தில் முளைத்தும் விடும். இந்தோனேஷியாவில் இது தின்று கழித்த காப்பிக் கொட்டையைக் கழுவி வறுத்து, கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். படித்தது பி.காம். ஆயிற்றே, மதிலை ஒரு தரம் ஆசையாகப் பார்த்தேன். சப்போட்டாக் கொட்டைக்கு மார்க்கெட் இல்லையாம்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. எங்கள் கூரையும் பக்கத்து வீட்டுக் கூரையும் ஒட்டினாற்போல் இருக்கும். அங்கே நெசவுக்காரப் பெரியவரின் தறி. ஒரு நாள் காலையில் தறியோரமாக மேலிருந்து சொட்டியிருந்தது. ஒரு சாண் தள்ளிச் சொட்டியிருந்தால் முகூர்த்தப் புடவை போச்சு. அவருடைய இரண்டு வாரக் கூலியும் போச்சு.

“வாழைப்பழத்துல மருந்து வெச்சுடுங்க சார். ஒரே ராத்திரில முடிஞ்சுடும்” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம்” என்றேன்.

“மரநாய் கோர்ட்டுக்கா போகப் போவுது?”

பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி மச்சுக்குள் சன்னமாகக் கீச்சுக் கீச்சென்று சத்தம். குட்டிகள்!

மறுநாள் பெரியவரிடம் போய் நின்றேன். “நஷ்டம் உங்களுக்குத்தான் பெரியப்பா. நீங்களே சொல்லுங்க.”

அவர் நாடா ஓட்டுவதை நிறுத்தவில்லை. “போன வருஷம் எலி பாவைக் கடிச்சிடுச்சு தம்பி. கஞ்சி வாசனைக்கு வரும். அறுந்த இழையை முடிஞ்சு முடிஞ்சே நாலு நாள் போச்சு. இது மேல வந்தப்புறம் ஒரு எலியைப் பாத்தியா?”

பார்க்கவில்லை. பற்றுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு வரவுப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இதற்கு ஒரு டிகிரி வேறு!

தறிக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டினோம். சில வாரம் பொறுத்தோம். ஒரு ராத்திரி மதில்மேல் தாய் முன்னே, மூன்று குட்டிகள் பின்னே, ஊர்வலம் போயிற்று. அதற்கப்புறம்தான் பெரியவர் பக்கத்துச் சந்தைப் பலகை வைத்து அடைத்தோம். என் பக்கம் திறந்தே இருக்கிறது.

நேற்றும் ‘தடதட’. “திருடனா?” என்று எழுந்து உட்கார்ந்தேன்.

“நம்ம குடித்தனம் வேலைக்குப் போகுது. பேசாம படுங்க” என்றாள் மனைவி.