விலையைக் குறைக்காத காப்பீடு

மருத்துவச் செலவு ஏறுகிறது என்றதும் எல்லோரும் காப்பீட்டைத்தான் கைகாட்டுகிறோம். காப்பீடு கட்டணத்தைக் கட்டுகிறது; குறைப்பதில்லை. மருத்துவமனை கேட்டதை நிறுவனம் கொடுத்தால், அடுத்த ஆண்டு பிரீமியமாக அது நம் தலையிலேயே வந்து விழுகிறது. அதோடு, பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு நம் பணம்தான். தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2021-22-ல் நாட்டின் மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது.

விலை இறங்க வேண்டுமானால் பணம் கொடுப்பவர், சிகிச்சை தருபவர், மருந்து தயாரிப்பவர் மூவரும் ஒரே கணக்கைப் பார்த்துப் பேச வேண்டும். நடக்காத காரியமில்லை இது. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்துகாட்டியிருக்கிறது.

அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைக் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. எது தேவை என்ற பட்டியலுக்கு மருத்துவர்கள் கட்டுப்படுகிறார்கள். அதில் கம்பெனி வைத்த பெயர் இருக்காது, மருந்தின் மூலப்பெயர்தான் இருக்கும். வந்திறங்கும் சரக்கில் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள், தேறினால்தான் விநியோகம். மாவட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கு ஒதுக்கப்பட்டு பாஸ்புக்கில் பதிவான தொகைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. பெரிய விற்பனை உறுதி என்பதால் தயாரிப்பாளரும் விலையில் இறங்கி வருகிறார். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. மலிவு என்றால் மட்டம் என்ற சந்தேகத்தைப் போக்குவது அந்தப் பெயர் மறைத்த சோதனைதான். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அதுவே என்பேன்.

ஒரு பொருளின் விலையை மட்டும் இறுக்கினால் போதாது. 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய இதய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவிலை வந்தது. குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். மறு ஆண்டே, டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளுடைய பில்களை ஆராய்ந்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், வேறு சில பொருள்களில் லாபம் 1,700 சதவீதத்தையும் தாண்டியிருப்பதைக் கண்டது.

தனியார் மருத்துவமனைகள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். இருக்கலாம். அந்த இழப்பை நோயாளியிடம் தனியே வசூலிப்பதை மட்டும் ஏற்கவே முடியாது. உண்மையிலேயே கட்டுப்படியாகவில்லை என்றால் செலவுக் கணக்கை எடுத்து வைக்கட்டும். அரசு, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை, நோயாளிகள் என நான்கு தரப்பும் உட்காரும் நிரந்தரக் குழு ஒன்று ஆண்டுதோறும் அதைப் பார்த்துக் கட்டணத்தைத் திருத்தலாம். சிறு நர்சிங் ஹோம்கள் கூட்டாக மருந்து வாங்கலாம். கழகத்தின் ஆய்வு முறையை அவற்றுக்கும் திறந்துவிடலாம். டயாலிசிஸிலும் கண்புரை அறுவை சிகிச்சையிலும் செய்முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கணக்குப் போடுவதும் எளிது. குழுவின் முதல் ஆண்டு வேலைக்கு இந்த இரண்டும் போதும்.