கஞ்சக் கருவியும் கணிப்பொறியும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நம் முன்னோர் பகுத்தனர் என்பது யாவரும் அறிந்ததே. முதல் மூன்றற்கும் புகழுண்டு. வெண்கலத்தாலாய கஞ்சக்கருவிக்கோ தேர்வுத்தாளில் ஒரு வரியே உண்டு.

சென்ற விடுமுறையில் எம் ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரினின்று இராசபாளையம் சென்று, இசையியற்றும் நண்பரொருவரின் மாடியறையில் ஒரு பகல் தங்கினோம். ஆங்கு இருந்தவை ஒரு கணிப்பொறியும் சிறு விசைப்பலகையுமே. விசையை அழுத்தவே குளோக்கன்ஸ்பீல், வைப்ரபோன், சாவகத்துக் கமெலன் யாவும் ஒலித்தன. அயல்நாட்டார் அக்கருவிகளைச் சுரந்தோறும் மென்மையாயும் வன்மையாயும் பன்முறை தட்டிப் பதிந்து விற்கும் ஒலிமாதிரிகள் அவை. "நம் சேகண்டி எங்கே?" என வினவினோம். "ஒரே ஓர் அடி இருக்கிறது" என்று நண்பர் அதனை ஒலிப்பித்தார். நன்றாகவே இருந்தது. அவ்வோர் அடியையே விசைகள்தோறும் ஏற்றியும் இறக்கியும் இசைத்தபோதுதான் வந்தது கேடு. ஒரு ஸ்தாயி ஏற்ற ஒலியின் நீளம் பாதியாயிற்று, இறக்க இரட்டித்தது. மேலே தகரக்குவளை, கீழே உறங்குவோன் முனகல்!

காரணம் உண்டு. நரம்பின் மேலொலிகள் அடியொலியின் இருமடங்கு, மும்மடங்கு என ஏறத்தாழ ஒழுங்குற அமையும். வெண்கலத் தட்டில் அவ்வாறு அமையா. ஒவ்வொன்றும் தன் தன் விரைவில் மாயும். அடித்தவுடன் கேட்பது ஒன்று, நின்றொலிப்பது மற்றொன்று. மேனாட்டு ஆலய மணிகளில் சாதாரண காந்தாரம் இயல்பாகவே உடன் ஒலிக்கும். திருமண நாளிலும் அவை சற்றே துயர் தோய்ந்து கேட்பது அதனாலன்றோ? திருக்கோலக்காவில் சம்பந்தர் பெற்ற பொற்றாளத்திற்கு அம்மை ஓசை கொடுத்தாள் என்பது தலபுராணம். பொன் மென்மையானது, ஒலிக்காது. செம்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வெள்ளீயம் கலந்த வெண்கலமே நின்றொலிக்கும். கதை கட்டியோர் உலோகம் அறிந்தவரே.

ஒலிமாதிரி போலி, கருவியே வேண்டும் என்பாரும் உளர். அவரோடு யாம் உடன்படோம். செலஸ்டா என்னும் கருவி 1886-இல் பாரிசில் முஸ்தெல் என்பாரால் அமைக்கப்பட்டது. அதனை உருசியாவிற்கு வரவழைத்த சைக்கோவ்சுகி, பிற இசைவாணர் தமக்கு முன் கையாண்டுவிடாதபடி மறைத்து வைக்கச் சொன்னார். அத்துணை அரிய ஒலி இன்று இராசபாளையத்து ஏழை இளைஞர் விரலுக்கும் எட்டுவது நன்றே.

எம் குறை வேறு. உலகத்து ஒலியெல்லாம் நம் வீட்டிற்கு வந்தும், நம் தெருவின் ஒலி அவற்றுள் இல்லை. கோயில் பலவற்றில் முரசையும் மணியையும் மின்பொறியே அறைகின்றது. தேவாலயம் சிலவற்றில் மணியோசை ஒலிபெருக்கியினின்று வருகின்றது. அடிக்கும் கைகள் ஓய்ந்தபின் எதனைப் பதிவது? இவ்விரு ஊர்களின் சேகண்டி, தாளம், ஆலயமணி ஒவ்வொன்றையும் விளிம்பிலும் நடுவிலும், மெல்லவும் ஓங்கியும் தட்டி, ஒலி முற்றும் அடங்குமளவும் இப்பொழுதே பதிதல் வேண்டும். வேண்டுவன நல்லதொரு ஒலிவாங்கி, உரியோர் இசைவு, பேருந்து ஓடாத நள்ளிரவு. இவற்றுள் அரியது மூன்றாவதே.

எம் தெருக் கோயிலில் சேகண்டி அடிக்கும் பெரியவரைக் கண்டு கேட்டோம். "எத்தனை அடி வேண்டும்?" என்றார். நூறு என்றோம். "ஒரு மாதத்துப் பூசையை ஒரே இரவில் கேட்கிறீர்களே, தம்பி" என்றவர், பொங்கல் கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்.