தளம் மட்டும் போதாது, ஆலோசகரும் வேண்டும்

படித்து முடித்து என்ன வேலைக்குப் போவது என்று திகைக்கும் கல்லூரி மாணவருக்கு இன்று கணினி வழிகாட்டுகிறது. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015-இலும், தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இலும் தொடங்கப்பட்டன. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால், கடவுச்சொல்லைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று ஒரு கல்லூரி கருதினால் அது மாணவரைக் கைவிடுவதாகும்.

அமெரிக்காவில் மார்ட்டின் கட்ஸ் 1970-களில் கல்லூரி மாணவர்களுக்காக உருவாக்கிய 'சிகி' என்ற கணினி முறை, வருமானமா, பணிப் பாதுகாப்பா, பிறருக்கு உதவுவதா, எது உனக்குப் பெரிது என்று மாணவரையே எடைபோட வைத்தது. முடிவு மாணவருடையது என்பதில் கட்ஸ் உறுதியாக இருந்தார். இன்றைய தொழில் வழிகாட்டித் தேர்வுகள் பலவும் ஜான் ஹாலண்டின் ஆறு ஆளுமை வகைகளைப் பின்பற்றி விருப்பங்களைக் கேட்கின்றன. கண்ணால் காணாத வேலையை ஒருவர் எப்படி விரும்ப முடியும்? உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 47 சதவீதம். குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர் இதில் அடக்கம். கல்விக் கடனும், மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீடும் எந்த மதிப்பெண்ணிலும் தெரியாது. சூசன் விஸ்டனும் சக ஆய்வாளர்களும் 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கணினியை மட்டும் நம்பியவர்களைவிட ஆலோசகரின் துணையும் பெற்றவர்களே அதிகப் பயன் அடைந்திருந்தனர்.

ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஆலோசகர்களை நியமிக்கப் பணம் எங்கே என்பார்கள். பாடப்பிரிவு, போட்டித் தேர்வு, சம்பளம் பற்றிய விவரங்களைக் கணினியே தந்துவிடும். குழம்பி நிற்பவருக்கு மட்டும் ஆலோசகர் நேரம் ஒதுக்கினால் போதும். மனிதருக்குச் சாய்வு உண்டு, கணினிக்கு இல்லை என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பெண் என்றால் ஆசிரியர் வேலை என்று சொல்லும் பேராசிரியர்கள் இன்றும் உண்டு. அதற்காகவே முறையான பயிற்சி பெற்றவர் தேவை. கணினியின் சாய்வோ அதன் கேள்விகளுக்குள் ஒளிந்திருக்கும்; அதை எதிர்த்துக் கேட்க மாணவருக்கு வழியில்லை. வகுப்புகளுக்கு நடுவே வேலைவாய்ப்புப் பிரிவையும் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் பேராசிரியரிடம் இந்தப் பணியைத் தள்ளிவிடுவதும் தீர்வல்ல. நிறுவனங்களை வளாகத்துக்கு அழைப்பது வேறு, ஒரு மாணவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவது வேறு.

ஒவ்வொரு கல்லூரியிலும் பயிற்சி பெற்ற முழுநேர ஆலோசகர் பணியிடம் ஒன்றையாவது உயர்கல்வித் துறை உறுதிசெய்ய வேண்டும். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளிலிருந்து அது தொடங்கட்டும்.