இரண்டு நிமிடப் பறப்பும் ஏளனச் சிரிப்பும்

"ஏறி அமர்ந்து இடுப்பு வாரை இறுக்குமுன் இறங்கும் ஊர் வந்துவிடுமாம்! அதற்கொரு விமானமாம்!" என்று எள்ளி நகையாடுவோர் உளர். எதைக் குறித்து? ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலிலே சிதறிக் கிடக்கும் ஆர்க்னித் தீவுகளிலே, வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் பறக்கும் விமானத்தைக் குறித்து. தொலைவு ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர். அட்டவணை கூறும் நேரம் இரண்டே நிமிடம். காற்று துணை நின்ற ஒரு நாளில் 53 நொடியிலே கடந்ததும் உண்டு. எடின்பரோ விமான நிலையத்து ஓடுபாதையின் நீளந்தான் ஏறக்குறைய இந்தப் பயணமே!

1967 முதல் நடந்துவரும் சேவை இது. இரண்டு சுழல்விசிறிகள் பூட்டிய 'ஐலண்டர்' என்னும் சிறு விமானம். எட்டுப் பேர் அமரலாம். பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்வோரோ நூறு பேருக்கும் குறைவு. நூறு பேருக்கு ஒரு விமானமா என்று கணக்கேட்டைப் புரட்டுவோர் புருவத்தை உயர்த்துவர்.

உயர்த்தட்டும், நண்பர்களே! ஆனால் அவர்கள் அளப்பது வரைபடத்துத் தொலைவை. தீவிலே வாழ்பவன் அளப்பதோ கடலை. தோணியேறினால் அரை மணிக்குள் அக்கரை சேரலாம், கடல் இசைந்தால்! வடகடலின் குளிர்காலக் காற்று எவருடைய இசைவையும் கேட்பதில்லை. மேலும், அந்த இரண்டு நிமிடம் தனித்ததோர் பயணமன்று. மருத்துவமனையும் ஆட்சிமன்றமும் அமைந்துள்ள கிர்க்வால் நகரிலிருந்து புறப்பட்டு, தீவுகளைத் தொட்டுத் திரும்பும் சுற்றிலே அது ஒரு துண்டு. சங்கிலியிலே ஒரு கண்ணியை மட்டும் கழற்றி எடுத்து, "இவ்வளவு சிறிதா!" என்று சிரிப்பது என்ன நியாயம்? ஆசிரியர் அதிலே போகிறார், மருத்துவர் போகிறார், நோயாளியும் போகிறார். வேடிக்கைக்காக ஏறிச் சான்றிதழ் வாங்கிச் செல்லும் வெளியூராரும் உண்டு. அவர்கள் தரும் கட்டணமும் பயன்படத்தானே செய்கிறது!

விமானத்தை ஓட்டுவது லோகன்ஏர் என்னும் தனியார் நிறுவனம். ஆனால் இலாபம் வந்தால் ஓட்டு, இல்லையேல் நிறுத்து என்று விட்டுவிடவில்லை ஆர்க்னி ஆட்சிமன்றம். பொதுச்சேவைக் கடமை என்று பெயரிட்டு, ஒப்பந்தம் போட்டு, குறையும் பணத்தைப் பொதுநிதியிலிருந்து ஈடுகட்டுகிறது. இது பிச்சையன்று, வரி செலுத்தும் குடிமகனின் உரிமை.

இங்கே என்ன நடந்தது? சிற்றூர்களுக்கும் வானூர்தி என்று முழங்கி, 2016-இலே 'உடான்' திட்டத்தைத் தொடங்கிற்று ஒன்றிய அரசு. கட்டண இழப்பை ஈடுசெய்யும் உதவி மூன்றாண்டுக்கு மட்டும். அதன்பின் வழித்தடம் தன் காலிலே நிற்கவேண்டுமாம். நின்றதா? 2023-இலே வெளிவந்த தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை கூறுகிறது: முதல் மூன்று கட்டங்களில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களிலே தொடங்கியவை 371, மூன்றாண்டை நிறைவு செய்தவை 112, அதன்பின்னும், 2023 மார்ச் வரை, நிலைத்தவை 54. இடையிலே கொரோனா வந்தது, மறுக்கவில்லை. ஆனால் தொடங்கவே தொடங்காத 403 தடங்களுக்கும் அதுவேதான் காரணமென்று சொன்னால் அறிக்கையைப் படித்தவர் ஒப்பார். பல இடங்களில் நிலையமே ஆயத்தமாகவில்லை.

மலையூருக்கும் தீவுக்கும், இருவழி நெடுஞ்சாலை ஓடும் நகருக்கும் ஒரே மூன்றாண்டு என்று கெடு விதித்தது எந்த அளவுகோலைக் கொண்டு? கடலும் மலையும் மூன்றாண்டிலே விலகிப்போகும் என்று எண்ணினார்களா? இதைத்தான் அடுத்த கூட்டத்தொடரிலே அமைச்சரிடம் கேட்கவேண்டும்.